ஊர் ஸ்பெஷல் வாங்கப் போறீங்களா? முதல்ல காரணத்தைத் தேடுங்க

திருநெல்வேலிலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய வந்தீங்கன்னா ஒரே பேரை முன்ன பின்ன மாத்திப் போட்ட போர்டுங்க வரிசையா நிக்கும், ஒண்ணுல "ஒரிஜினல்", பக்கத்துல "பழைய ஒரிஜினல்", அதுக்கும் பக்கத்துல "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை". புதுசா போறவங்க எதுக்குள்ள நுழையறதுன்னு தெரியாம கூட்டம் எங்க இருக்கோ அங்க போய் நின்னுடறாங்க. வெளிநாடு போனாலும் இதேதான், என்ன, போர்டு வேற பாஷையில இருக்கும்.

இதுக்கு நாக்கு ரொம்ப தேறியிருக்கணும்னு அவசியம் இல்ல. ஒரு ஊர்ல ஒரு பண்டம் பேர் வாங்கியிருக்குன்னா அதுக்குப் பின்னாடி ஒரு காரணம் கண்டிப்பா இருக்கும், மண்ணா இருக்கலாம், பாலா இருக்கலாம், ஒரு பழமா இருக்கலாம், செய்யற விதமா இருக்கலாம், சில நேரம் வெறும் காத்திருப்புதான் காரணம். அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா கையில இருக்கற பொட்டலத்துல அந்தக் காரணம் இருக்கா இல்லையான்னு நீங்களே பாத்துடலாம். அதை எப்படிப் பண்றதுன்னு படிப்படியா சொல்றேன், உள்ளூர்ல இருந்து ஆரம்பிச்சு வெளிநாட்டுக்குப் போவோம்.

1. ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கோங்க

புதுசா ஆரம்பிக்கறவங்க பண்ற வேலை என்னன்னா, ஒரு டிரிப்ல அல்வா, முறுக்கு, கருப்பட்டி, மக்ரூன், தேன்னு எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து வீட்டுல வச்சு எதுவும் மனசுல நிக்காம போயிடுது. அப்படி வேண்டாம். உங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ஒண்ணை எடுத்துக்கோங்க. தினமும் காபி குடிக்கறவர்னா காபி, இனிப்புப் பிரியர்னா பால்கோவா. பிடிச்ச பொருள்லதான் சின்ன வித்தியாசம் கூட நாக்குக்குத் தெரியும், டீயே குடிக்காதவர் இலங்கையில நுவரெலியா போய் 4 வகை டீ வாங்கி என்ன பண்ணப் போறார்.

2. காரணத்தைக் கண்டுபிடிங்க, இதுதான் முக்கியமான வேலை

பழனி பஞ்சாமிர்தத்தை எடுத்துக்குவோம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசு நெய், ஏலக்காய், கூடவே பேரீச்சம்பழம் கற்கண்டு, அவ்வளவுதான், ஒரு சொட்டு தண்ணி சேர்க்க மாட்டாங்க. இது கெடாம நிக்கறதுக்கு முக்கியமான காரணம் அந்தப் பழம், பழனி மலைப்பக்கம் விளையற விருப்பாச்சி மலைவாழை, அதுல நீர்ச்சத்து கம்மி. இந்த விஷயம் தெரிஞ்ச பிறகு தளதளன்னு தண்ணி மாதிரி ஓடற பஞ்சாமிர்தத்தை யாராவது குடுத்தா நீங்களே யோசிப்பீங்கல்ல, இதுல என்ன பழம் போட்டிருக்கான்னு. விருப்பாச்சி, சிறுமலை ரெண்டு மலைவாழைக்கும் 2008லயே புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ப் பொருள்னு பதிவு பண்ணித் தர்ற அங்கீகாரம், வந்தாச்சு, பஞ்சாமிர்தத்துக்கு 2019ல வந்துச்சு. நோய் தாக்கி மலைவாழை விளைச்சல் ரொம்பக் குறைஞ்சதும் உண்மை, அதனால ரொம்ப மலிவா கிடைக்குதுன்னா வேற பழமா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுல காரணம் இன்னும் சிம்பிள். பால், சர்க்கரை, விறகடுப்பு, கிண்டிக்கிட்டே நிக்க ஒரு ஆள். சுத்துவட்டாரத்துல மாடு நிறைய, பால் அன்னன்னைக்கு வந்து அன்னன்னைக்கே சுண்டுது. அப்ப இதுக்கு என்ன சோதனை? பால் பண்டம் வெளிய வச்சா சில நாள்தான் தாங்கும். யாராவது ஒரு டப்பாவுல ரொம்ப மாசம் கழிச்சு ஒரு எக்ஸ்பைரி தேதி போட்டு "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா"ன்னு வித்தா அது வேற ஏதோ ஒரு பால் இனிப்பு. நல்லாவே இருக்கலாம், ஆனா நீங்க தேடிப் போனது அது இல்ல.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் கரிசல் மண்ணுல விளைஞ்ச கடலையும் நல்ல வெல்லப்பாகும் காரணம், 2020ல குறியீடு கிடைச்சுது. திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவச்சு அரைச்சு எடுக்கற பால் காரணம், கோதுமை மாவையோ மைதாவையோ கரைச்சு ஊத்தினா அந்த வழுக்கல் வராது, தொண்டையில ஒட்டும். மணப்பாறை முறுக்குக்கு ரெண்டு தடவை எண்ணெய்ல போட்டு எடுக்கறது காரணம், முதல்ல அரைவேக்காடு, ஆறின பிறகு மறுபடி. தூத்துக்குடி மக்ரூன்ல முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான், அடிச்சு நுரைக்க வச்சு மெதுவா காய வைக்கறதுதான் வித்தை. முட்டை சாப்பிடாதவங்க வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்குன்னு நம்பி வாங்கிடாதீங்க.

சரி, இந்தக் காரணமெல்லாம் எங்க கிடைக்கும்? பலருக்குத் தெரியாத ஒரு இடம் சொல்றேன். புவிசார் குறியீட்டுப் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியிலதான் இருக்கு, இந்தியா முழுக்க இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் விண்ணப்பம் போடும்போது எந்தெந்த ஊர்ல செய்யறாங்க, என்ன மூலப்பொருள், எப்படிச் செய்யறாங்க, மத்ததுல இருந்து எப்படி வித்தியாசம்னு எல்லாம் எழுதிக் குடுக்கணும், அது அவங்களோட ஜிஐ ஜர்னல்ல (ஜிஐன்னா புவிசார் குறியீடு) அச்சாகி வரும், இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம். வக்கீல் பாஷைதான், ஆனா நடுவுல செய்முறைப் பகுதி மட்டும் படிச்சா போதும். ஐரோப்பியப் பொருட்களுக்கு இதே மாதிரி இஆம்ப்ரோசியான்னு ஒரு தளம் இருக்கு, ஐரோப்பிய யூனியன் நடத்தறது, சீஸ், ஒயின், ஆலிவ் எண்ணெய் எல்லாத்தோட விதிமுறையும் அதுல இருக்கு.

ஒரு எச்சரிக்கை. குறியீடு இருக்குன்னா அது அந்த ஊர்ப் பொருள், அந்த முறையில செஞ்சதுன்னு அர்த்தம், ருசியில முதல் மார்க்னு அர்த்தம் இல்ல. குறியீடு இருக்கற ஊர்லயே சுமாரா செய்யற கடையும் உண்டு. அதே மாதிரி எந்த முத்திரையும் இல்லாம அருமையா செய்யற பாட்டிங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

3. சீசன் பாத்துப் போங்க

இதை யாரும் யோசிக்கறதே இல்ல. உடன்குடி கருப்பட்டி வேணும்னா பனையில பதநீர் இறங்கற மாசத்துல, அதாவது கோடையை ஒட்டி, போனா காய்ச்சற இடத்துலயே வாங்கலாம். ஏறி இறக்கறவங்க குறைஞ்சுக்கிட்டே போறாங்க, கலயத்துல சுண்ணாம்பு தடவி, விடியறதுக்குள்ள இறக்கி, மணிக்கணக்கா காய்ச்சி ஊத்தற வேலை இது, இவ்வளவு உழைப்பு இருக்கற பொருள் சீனி விலைக்குப் பக்கத்துல கிடைக்குதுன்னா உள்ள சீனிதான் இருக்கும். வேற டெஸ்ட் எல்லாம் அப்புறம், முதல் டெஸ்ட் விலை.

நீலகிரி டீயில டிசம்பர் ஜனவரி பனி சமயத்துல பறிக்கற இலைக்கு ஒரு தனி வாசனை உண்டு, ஃப்ராஸ்ட் டீன்னே தனியா விப்பாங்க. இலங்கையில ஊவா பக்கம் ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் காஞ்ச காத்து அடிக்கும்போதுதான் டீ உச்சத்துல இருக்கும், மலையோட அந்தப் பக்கம் திம்புலாவுக்கு ஜனவரியில இருந்து மார்ச். மலேசியாவுல டுரியன் முக்கிய சீசன் ஜூன் ஜூலை ஆகஸ்ட் ஒட்டி வரும். வளைகுடாவுல வெயில் கொளுத்தற மாசத்துலதான் ருதப்புன்னு சொல்ற பாதி பழுத்த ஈரப் பேரீச்சை வரும், அதை ருசி பாக்காம வருஷம் முழுக்கக் காஞ்சதையே வாங்கிட்டு ஊருக்கு வர்ற நம்ம ஆளுங்க எத்தனையோ பேர். அபுதாபி லிவாவுல ஜூலை மாசம் பேரீச்சைத் திருவிழாவே நடக்கும்.

4. கேள்வியை மாத்திக் கேளுங்க

"இங்க என்னங்க ஃபேமஸ்"னு கேட்டா எந்த ஊர்லயும் ஒரே பதில்தான் வரும், பஸ் ஸ்டாண்ட் எதிர்ல இருக்கற பெரிய கடை. ஆட்டோவுல ஏறி "நல்ல அல்வா கடைக்கு விடுங்க"ன்னா இன்னும் மோசம், சில இடத்துல கமிஷன் ஓடும்.

அதுக்குப் பதிலா, தங்கற லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருக்கறவர்கிட்டயோ, காலையில டீ குடிக்கற கடையில பக்கத்துல நிக்கற பெரியவர்கிட்டயோ இப்படிக் கேளுங்க: "அண்ணே, உங்க வீட்டுல ஒரு விசேஷம்னா எங்க வாங்குவீங்க? வெளியூர்ல இருக்கற பொண்ணுக்குக் குடுத்து அனுப்பணும்னா எங்க போவீங்க?" இந்த ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில்ல பொய் இருக்காது. நிறைய தடவை பேரே இல்லாத ஒரு கடை, இல்ல ஒரு வீடு, "சாயங்காலம் 4 மணிக்கு மேல போனீங்கன்னா சூடா கிடைக்கும்"ங்கற தகவலோட வரும். நெல்லையப்பர் கோயில் எதிர்ல இருக்கற இருட்டுக்கடை மாதிரி சாயங்காலம் மட்டும் திறக்கற கடைங்க இன்னும் இருக்கு, மத்தியானம் போய் மூடியிருக்குன்னு பக்கத்துக் கடையில வாங்கிட்டு வந்து "அல்வா அப்படி ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது மூணு. எப்ப செஞ்சது, எங்க செஞ்சது, எத்தனை நாள் தாங்கும். இதுக்குப் பளிச்சுன்னு பதில் சொல்றவர் பெரும்பாலும் தானே செய்யறவர். "அதெல்லாம் நல்லா இருக்கும் சார், எடுத்துட்டுப் போங்க"ன்னு மழுப்பறவர் வாங்கி விக்கறவர். வாங்கி விக்கறது தப்பு இல்ல, ஆனா அதுக்கு நீங்க அந்த ஊர் வரைக்கும் போக வேண்டியதில்ல.

உழவர் சந்தையை மறந்துடாதீங்க. 1999ல மதுரையில முதல்ல ஆரம்பிச்சது, இப்ப பல ஊர்ல இருக்கு, காலையில சீக்கிரம் போனா அந்தந்த வட்டாரத்துல விளையறது என்னன்னு ஒரு ரவுண்டுலயே தெரிஞ்சுடும். கொடைக்கானல் மலைப்பூண்டு, ராமநாதபுரம் குண்டு மிளகாய் மாதிரி சமையல் பொருளெல்லாம் ஸ்வீட் கடையில தேடறதை விட அந்தந்தப் பக்கத்துச் சந்தையில தேடறது நல்லது.

5. லேபிளைப் படிக்கக் கத்துக்கோங்க

பாக்கெட்ல முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். பின்பக்கத்தைப் பாருங்க. மூலப்பொருள் பட்டியல்ல எது எடையில அதிகமோ அது முதல்ல வரணும், இது விதி. கடலைமிட்டாய்ல முதல்ல கடலை, அப்புறம் வெல்லம்னு இருந்தா சந்தோஷம், வெல்லத்துக்கு முன்னாடி லிக்விட் குளுக்கோஸ் வந்து உக்காந்திருந்தா கீழ வச்சுடுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண், 14 இலக்கம் இருக்கணும், செஞ்சவங்க முகவரி எந்த ஊர்னு பாருங்க, "மார்க்கெட்டட் பை"ன்னு ஒரு ஊரும் "மேனுஃபாக்சர்டு பை"ன்னு வேற ஊரும் இருந்தா ரெண்டாவதுதான் உண்மை ஊர். தட்டுல அடுக்கி விக்கற லூஸ் ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர்ல இருந்து விதி இருக்கு, எழுதலைன்னா கேளுங்க, வெக்கப்படாதீங்க.

காபிக்கு இது ரொம்ப முக்கியம். சிக்கரி கலந்த தூள்னா எத்தனை சதவீதம் காபி எத்தனை சதவீதம் சிக்கரின்னு பாக்கெட்ல போட்டே ஆகணும், காபி 51 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. "ஃபில்டர் காபி"ன்னு கொட்டை எழுத்துல இருக்கற பல பாக்கெட்ல திருப்பிப் பாத்தா 53:47, 60:40ன்னு இருக்கும். சிக்கரி கெட்டதுன்னு சொல்லல, கும்பகோணம் பக்கத்து டிகிரி காபி ருசிக்குப் பழகின நாக்குக்குக் கொஞ்சம் சிக்கரி இல்லைன்னா டிகாக்ஷன் மொட்டையா இருக்கும். ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சு குடிக்கணும். முதல் வேலையா உங்க ஊர்ல கண்ணு முன்னாடி வறுத்து அரைச்சுத் தர்ற ஒரு காபிக் கடையைப் பிடிங்க. அங்க போய் பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி, ராபஸ்டா பார்ச்மெண்ட்னு ஏதேதோ சொல்வாங்க, பயப்படாதீங்க: அராபிகா, ராபஸ்டான்னு காபியில ரெண்டு வகை, பிளான்டேஷன்னா தோல் நீக்கிக் கழுவிக் காயவச்ச அராபிகா, பார்ச்மெண்ட்னா அதே மாதிரி கழுவின ராபஸ்டா, ஏ பி எல்லாம் கொட்டை சைஸ், பீபெர்ரின்னா பழத்துக்குள்ள ரெண்டுக்குப் பதிலா ஒத்தையா உருண்டையா இருக்கற கொட்டை, செர்ரின்னா பழத்தோட காயவச்சது. அராபிகா வாசனைக்கு, ராபஸ்டா கெட்டிக்கு. முதல் தடவை சிக்கரி இல்லாம பிளான்டேஷன் ஏயும் பீபெர்ரியும் 100, 100 கிராம் தனித்தனியா வாங்கி வீட்டுல குடிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் 80:20க்குப் போங்க, அப்பத்தான் சிக்கரி என்ன பண்ணுதுன்னு உங்களுக்கே புரியும். குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, வயநாடு ராபஸ்டா இதுக்கெல்லாம் 2019ல குறியீடு கிடைச்சிருக்கு. ஏற்காடு, தாண்டிக்குடி, சிறுமலைப் பக்கமும் காபி விளையுது, அந்தப் பக்கம் போனா எஸ்டேட்லயே கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, வாட்ஸ்ஆப்ல வர்ற சோதனைங்களை நம்பாதீங்க. தேன்ல தீக்குச்சியை நனைச்சுப் பத்த வைக்கறது, தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாக்கறது எல்லாம் சர்க்கரைப் பாகைக் கூட பாஸ் பண்ணி விட்டுடும். குளிருக்குத் தேன் உறைஞ்சு மணல் மணலா ஆனா அது கலப்படம்னும் அர்த்தம் இல்ல, நல்ல தேன்லயும் அது நடக்கும்.

6. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ருசி பாருங்க

ஒரு கடை அல்வாவை இன்னைக்கும் இன்னொரு கடை அல்வாவை அடுத்த மாசமும் தின்னுட்டு எது நல்லதுன்னு சொல்ல முடியாது. ஒரே நாள்ல ரெண்டு கடையில 100 கிராம் வாங்கி, ஒரே நேரத்துல, நடுவுல வெந்நீர் குடிச்சு ருசி பாருங்க. பாக்கறது என்னன்னா, விழுங்கின பிறகு வாயில என்ன மிஞ்சுது. இனிப்பு மட்டும் மிஞ்சினா சாதாரணம். பாலோட மணம், நெய் மணம், கோதுமையோட லேசான புளிப்பு ஏதாவது நின்னா நல்ல கைப்பக்குவம். இதை வீட்டுல 2 பேர் 3 பேரா பண்ணினா இன்னும் சுவாரசியம், அடிதடி வரும், வரட்டும்.

7. வெளிநாடு போகும்போது

படி மாறாது, ஆனா பாஷை தெரியாததால லேபிளும் முத்திரையும்தான் அதிகம் உதவும். நம்மவங்க அதிகம் போற சில இடத்தை மட்டும் சொல்றேன்.

இலங்கைன்னா டீயும் பட்டையும். டீ பாக்கெட்ல வாளேந்தின சிங்கம் முத்திரை இருக்கான்னு பாருங்க, முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலயே பாக்கெட் போட்டதுன்னாதான் டீ போர்டு அதைப் போட விடும். அடுத்து எந்தப் பகுதின்னு பாருங்க, மொத்தம் 7 பகுதி சொல்வாங்க. நுவரெலியா உசரத்துல விளையறது, வெளிர் நிறம், லேசான மணம், பால் ஊத்தினா காணாம போயிடும். ருகுணா தாழ்வான தெற்குப் பக்கம், கறுத்து கெட்டியா வரும், பாலோட குடிக்க நமக்கு அதுதான் தோதுப்படும். பிஓபி, ஓபி, டஸ்ட்னு இருக்கறது எல்லாம் இலை சைஸ், தரத்தோட ரேங்க் இல்ல. 1867ல லூல்கந்துரங்கற தோட்டத்துல ஆரம்பிச்ச தொழில் இது, அந்த மலையை வெட்டிக் கொழுந்து பறிச்சது நம்ம பக்கத்துல இருந்து போன ஜனங்க, இன்னைக்கும் மலையகத்துல தமிழ்ல கேட்டாலே டீ பத்தி நிறைய சொல்வாங்க. ஃபாக்டரி சுத்திக் காட்டற இடத்துல கடைசியில ருசி பாக்கக் குடுப்பாங்க, அவசரப்படாம பால் இல்லாம குடிச்சுப் பாருங்க.

பட்டையில நம்ம மளிகைக் கடையில கிடைக்கறது பெரும்பாலும் கேசியா, தடியா ஒத்தைச் சுருளா மரப்பட்டை மாதிரி இருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிசு மெல்லிசா பல அடுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருட்டின மாதிரி இருக்கும், விரல்ல அழுத்தினா நொறுங்கும், வாசனை காரமில்லாம இனிப்பா வரும். குச்சி மெலிய மெலிய விலை ஏறும், எல்லாத்துலயும் மெல்லிசு ஆல்பான்னு ஒரு ரகம். 2022ல ஐரோப்பிய யூனியன் இதுக்குக் குறியீடு குடுத்துச்சு. பிரியாணிக்கு என்னைக் கேட்டா கேசியாவே போதும், கறுவாவைப் பாயசத்துக்கும் டீக்கும் வச்சுக்கோங்க, அதோட அருமை அங்கதான் தெரியும்.

சிங்கப்பூர் மலேசியாவுல கோப்பிக் கடை. அங்க காபிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு கறுப்பா வறுப்பாங்க, அதனால நம்ம காபி மாதிரி எதிர்பார்த்துக் குடிச்சா ஏமாற்றம்தான், அதைத் தனி பானமா நினைச்சுக் குடிங்க. கோப்பின்னா கண்டென்ஸ்டு மில்க், "கோப்பி ஓ"ன்னா பால் இல்லாம சர்க்கரை மட்டும், "கோப்பி சி"ன்னா எவாபரேட்டட் மில்க், கூட "கோசோங்" சேத்துச் சொன்னா சர்க்கரை இல்ல. ஈப்போ ஒயிட் காபியில கொட்டையை மார்ஜரின் மட்டும் போட்டு வறுக்கறதால நிறமும் கசப்பும் கம்மி. டுரியன்ல முசாங் கிங்ங்கற ரகம் வாங்கினா பழத்தோட அடிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்க, உடைச்சு அங்கயே தின்னுடுங்க, அதோட வாடைக்கு ஹோட்டலுக்கும் ரயிலுக்கும் எடுத்துட்டுப் போக முடியாது.

இத்தாலிக்குப் போறவங்க பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் பாக்காம வராதீங்க. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, அப்புறம் பொலோன்யா, மந்துவா ரெண்டுலயும் ஒரு பகுதி, இவ்வளவுதான் எல்லை. பால், உப்பு, பாலைத் திரிய வைக்கற ரென்னெட், வேற ஒண்ணும் கிடையாது. சக்கரம் மாதிரி வட்டமா செய்யற ஒரு முழு சீஸுக்கு சுமார் 550 லிட்டர் பால், எடை 40 கிலோவை ஒட்டி, குறைஞ்சது 12 மாசம் கிடங்குல கிடக்கணும். அதுக்கப்புறம் ஒருத்தர் சின்னச் சுத்தியலால தட்டி சத்தத்தை வச்சே உள்ள ஓட்டை விரிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சூட்டு முத்திரை வைப்பாங்க. தோல் பூரா புள்ளி புள்ளியா பேர் குத்தியிருக்கும், துண்டா வாங்கும்போதும் தோலோட வாங்குங்க, அந்தப் புள்ளி தெரியணும். 12 மாசத்துது பால் ருசி தூக்கலா, 24 மாசத்துது மணல் மணலா உப்பும் இனிப்புமா, 36க்கு மேல காரமா. புதுசா ருசி பாக்கறவங்களுக்கு 24 போதும்.

சைவம் சாப்பிடறவங்க இங்க நில்லுங்க. இந்த ரென்னெட் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது, விதிமுறையே அப்படித்தான், அதனால சைவப் பார்மிஜானோன்னு ஒண்ணு கிடையாது. மைக்ரோபியல் ரென்னெட்னு, அதாவது நுண்ணுயிர்ல இருந்து எடுத்ததுன்னு, லேபிள்ல போட்ட வேற சீஸ் தேடுங்க.

அதே மோதெனாவுல பால்சமிக் வினிகர். கடையில 5 யூரோவுக்கும் இருக்கும் 80 யூரோவுக்கும் இருக்கும், ரெண்டுலயும் மோதெனான்னுதான் எழுதியிருக்கும். "திரதிசியோனாலே"ன்னு போட்டது வெறும் திராட்சைச் சாறைக் காய்ச்சி மரப்பீப்பாய்ல குறைஞ்சது 12 வருஷம் வச்சது, 25 வருஷம் ஆனா "எக்ஸ்த்ராவெக்கியோ", ரெண்டும் 100 மில்லி குட்டிக் குண்டு பாட்டில்ல மட்டும்தான் வரும். மத்தது ஒயின் வினிகரும் திராட்சைச் சாறும் கலந்தது, சாலட்டுக்கு அதுவே போதும், இதுல பட்டியல்ல முதல்ல திராட்சைச் சாறு வந்தா நல்லது, வினிகர் முதல்ல வந்தா சுமார்.

வியட்நாம்ல ஃபூ குவோக் தீவு மீன் சாஸ். நெத்திலி வகை மீனும் உப்பும் பெரிய மரத்தொட்டியில ஒரு வருஷம் ஊறுது. பாட்டில்ல 30, 40ன்னு டிகிரி போட்டிருக்கும், அது நைட்ரஜன் அளவு, அதாவது மீன் சத்து எவ்வளவுன்னு அர்த்தம். எண் ஏற ஏற கெட்டி. 2012லயே ஐரோப்பிய யூனியன் இதுக்குக் குறியீடு குடுத்தாச்சு.

ஜப்பான்ல வேலை ரொம்ப சுலபம், ஏன்னா அந்த நாட்டுல ஊர் ஸ்பெஷல் வாங்கிட்டு வந்து ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுக்கறது ஒரு கடமை மாதிரி. டிபார்ட்மெண்ட் ஸ்டோரோட அடித்தளத்துல உணவுத் தளம் இருக்கும், ருசி பாக்கவும் குடுப்பாங்க, கடை மூடற நேரத்துல விலையும் குறைப்பாங்க. டோக்கியோவை விட்டு வெளிய போக நேரம் இல்லைன்னா பெரும்பாலான மாநிலங்க அங்க ஆன்டெனா ஷாப்னு தங்களோட பொருளை விக்கற கடை வச்சிருக்கு, ஹொக்கைடோவுக்கு யூராக்குச்சோ ஸ்டேஷன் பக்கத்துல ஒண்ணு. கார்ல போனா மிச்சினோ எக்கின்னு வண்டியை நிறுத்தி இளைப்பாறி உள்ளூர்ப் பொருள் வாங்கற இடங்க நெடுஞ்சாலை ஓரத்துல 1,200க்கும் மேல இருக்கு, காய்கறிப் பாக்கெட்ல விளைவிச்சவர் பேரே ஒட்டியிருக்கும். நம்ம ஊர் பைபாஸ்ல இப்படி ஒண்ணு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு எப்பவும் ஏக்கம்தான். சைவக்காரங்க கவனம், பாக்க வெறும் அரிசி பிஸ்கட் மாதிரி இருக்கும், உள்ள மீன் சாறு இருக்கும்.

8. பெட்டியில எடுத்துட்டுப் போறது

இதுல ருசியை விட சட்டம் முக்கியம். பஞ்சாமிர்தம், தேன், ஊறுகாய் மாதிரி குழையற ஓடற எதையும் ஹேண்ட் பேக்ல வைக்காதீங்க, வெளிநாட்டு விமானத்துல 100 மில்லி கணக்குல பிடுங்கிடுவாங்க. செக்-இன் பெட்டியில, டப்பாவுக்கு மேல ரெண்டு பிளாஸ்டிக் கவர்.

ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, அதனால மருமகன் ஜெர்மனியில இருக்காருன்னு 2 கிலோ பால்கோவா கட்டிடாதீங்க, கடலைமிட்டாய் கட்டுங்க. பச்சைப் பழம் காய் இலைக்கும் சான்றிதழ் கேப்பாங்க, அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. கறிவேப்பிலையை அமெரிக்காவுக்கும் கொண்டு போகாதீங்க. ஆஸ்திரேலியாவுல எந்தச் சாப்பாட்டுப் பொருள் இருந்தாலும் உள்ள நுழையும்போது குடுக்கற பயணி கார்டுல எழுதிடுங்க, எழுதினா மிஞ்சிப் போனா எடுத்துக் கீழ போடுவாங்க, எழுதாம மாட்டினா அபராதம் பெருசு.

கசகசா. துபாய், சவுதி, சிங்கப்பூர் எதுக்கும் கொண்டு போகக் கூடாது, அங்க அது போதைப்பொருள் கணக்கு. குருமாவுக்குத்தானேன்னு மசாலா டப்பாவுல அம்மா போட்டுக் குடுத்தது கூட பிரச்சினை ஆகும், கிளம்பறதுக்கு முன்னாடி டப்பாவைத் திறந்து ஒரு தடவை பாத்துடுங்க.

9. வீட்டுக்கு வந்த பிறகு

பால்கோவா அன்னைக்கே ஃபிரிட்ஜுக்குள்ள, சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய. அல்வாவை ஃபிரிட்ஜ்ல வச்சா நெய் உறைஞ்சு ரப்பர் ஆகும், வெளியில வச்சே கடைக்காரர் சொன்ன நாளுக்குள்ள முடிச்சுடுங்க. பஞ்சாமிர்தத்துக்கு ஈரக் கரண்டி ஆகாது. காபித் தூளை 2 வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல அரைக்க வேண்டாம், காத்துப் புகாத டப்பா போதும். டீயைக் காபி, மசாலா இருக்கற அலமாரியில வைக்காதீங்க, எல்லா வாசனையையும் உறிஞ்சிக்கும். சீஸ் துண்டை மெழுகுத்தாள்ல சுத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க, மிச்சமாகற தோலைத் தூக்கிப் போடாம சூப் கொதிக்கும்போது உள்ள போடுங்க. கருப்பட்டி மழைக்காலத்துல கசியும், மண் பானையிலயோ டப்பாவுலயோ அரிசிக்குள்ள புதைச்சு வச்சா தாங்கும்.

பிடிச்சுப் போச்சுன்னா கிளம்பும்போதே கடையோட நம்பரை வாங்கிக்கோங்க. இப்ப எல்லாரும் கூரியர் போடறாங்க, ஆனா ஆர்டர் பண்ணும்போது "எப்ப செஞ்சதோ அதை அனுப்புங்க"ன்னு விடாம, "அடுத்த தடவை செய்யற அன்னைக்கே அனுப்புங்க, 2 நாள் தாமதம் ஆனாலும் பரவாயில்ல"ன்னு சொல்லுங்க. வெள்ளி, சனிக்கிழமை அனுப்ப வேண்டாம்னும் சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமை கூரியர் குடோன்லயே கிடந்து வேகும்.